டாக்டர் போனில் "போட்டுடும்மா" என்றால் நர்ஸ் போடலாமா?

கேட்டவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். ராத்திரியில் நிலையத்தில் இவரும் ஒரு ஆயாவும் மட்டும்தான். ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் வீட்டில் ரகளை செய்கிறார் என்று வீட்டுக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். "வந்து ஒரு ஊசி போட்டுடுங்க சிஸ்டர், இல்லாட்டி நாலு மாத்திரையாவது குடுங்க." டாக்டருக்குப் போன் போட்டால் "போட்டுடும்மா" என்கிறார். போடலாமா, கொடுக்கலாமா? கூடப் படித்த தோழி இங்கிலாந்தில் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கிறாராமே, நமக்கு மட்டும் ஏன் அந்த அதிகாரம் இல்லை? இதுதான் கேள்வி. மனநலச் செவிலியம் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நேரடியான பதில் முதலில். மனநோய் மருந்தை நர்ஸ் தானாக முடிவு செய்து ஊசி போடவும் முடியாது, மாத்திரையாகக் கொடுத்தனுப்பவும் முடியாது. டாக்டரின் உத்தரவு இருந்தால் முடியும். ஆனால் அந்த உத்தரவு எந்த வழியில் வந்தது, எந்த மருந்துக்கு வந்தது, எங்கே எழுதப்பட்டது என்பதில்தான் உங்கள் பாதுகாப்பும் நோயாளியின் பாதுகாப்பும் இருக்கிறது. "போட்டுடும்மா" என்பது பாதி உத்தரவுதான். மீதிப் பாதியைக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை.

தோழியின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்னது. இங்கிலாந்தில் நர்ஸ் மருந்து கொடுக்க இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, மருந்து எழுதுவதற்கென்றே தனிப் படிப்பு முடித்து, அதைத் தன் பதிவில் ஏற்றிக்கொண்ட நர்ஸ். 2006-லிருந்து இவர்கள் பெரும்பாலான மருந்துகளைத் தாங்களே எழுதலாம். இன்னொன்று 2000-இல் வந்த ஏற்பாடு: இன்ன நிலையில் உள்ள நோயாளிக்கு, இன்ன மருந்தை, இன்ன அளவு வரை, பெயர் குறிப்பிட்ட இன்னின்ன நர்ஸ்கள் கொடுக்கலாம் என்று டாக்டரும் பார்மசிஸ்ட்டும் கையெழுத்துப் போட்டு, நிறுவனம் அங்கீகரித்து முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆணை. அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிற நர்ஸ்தான் கொடுக்க வேண்டும், பக்கத்தில் நிற்கிறவரிடம் "நீ குடு" என்று தள்ள முடியாது. உங்கள் தோழி பையில் வைத்திருக்கும் மாத்திரை பாக்கெட்டின் மேல் லேபிள் ஒட்டியிருக்கும், உள்ளே விளக்கத் தாள் இருக்கும், அந்த ஆணையும் ஒரு கோப்பில் இருக்கும். அவர் கையில் இருப்பது அதிகாரம் என்பதைவிட, முன்பே எழுதிக் கட்டிய ஒரு வேலி. இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: வேண்டாம் என்கிறவரை வீட்டிலேயே அமுக்கிப் பிடித்து ஊசி போடுவது அங்கே பொதுவாகக் கிடையாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான்.

நம் சட்டம் இந்த இடத்தில் வேறு மாதிரி. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அதன் 94-ஆம் பிரிவை முதல் தடவை படிக்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அவசர சிகிச்சையை ஆஸ்பத்திரியில் மட்டுமல்ல, ஊருக்குள்ளேயும் கொடுக்கலாம் என்கிறது. மனநல மருத்துவர்தான் வேண்டும் என்றுகூட இல்லை, பதிவு பெற்ற எந்த மருத்துவரும் கொடுக்கலாம். எம்.பி.பி.எஸ். முடித்து நேற்று வந்து சேர்ந்த உங்கள் மெடிக்கல் ஆபீசரே போதும். ஆனால் எப்போது? நோயாளியின் உயிருக்கோ, திரும்பச் சரியாகாத அளவுக்கு அவர் உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால். தனக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு செய்துவிடுவார் என்றால். நோயின் காரணமாகவே சொத்துக்குப் பெரிய சேதம் விளைவிப்பார் என்றால். இதைத் தடுக்க உடனடியாகத் தேவை என்கிற நிலை வேண்டும். தூங்கவிடாமல் பேசுகிறார், தெருவில் மானம் போகிறது, நாளைக்கு வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் இதில் வராது. வீட்டுக்காரர்கள் வருகிற காரணங்களில் பாதி இந்த ரகம்தான் என்பது உங்களுக்கே தெரியும்.

நோயாளியின் பிரதிநிதி அங்கே இருந்தால் அவருக்கு விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். நோயாளி யாரையும் எழுதி நியமிக்கவில்லை என்றால் உறவினர், அவரும் இல்லையென்றால் பராமரிக்கிறவர் அந்த இடத்துக்கு வருவார். யாருமே இல்லாவிட்டால் அதற்காகச் சிகிச்சை நின்றுபோகாது. "எனக்கு இந்த மருந்து வேண்டாம்" என்று நோயாளி முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் ஆவணம்கூட அவசர சிகிச்சையைக் கட்டுப்படுத்தாது. இந்த அவசரம் 72 மணி நேரத்துக்குத்தான், அல்லது மனநலச் சிகிச்சை நிலையத்தில் அவரை மதிப்பீடு செய்யும் வரை, எது முந்தியோ அது. நோயாளியை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதையும் சட்டம் அவசர சிகிச்சை என்றே சொல்கிறது. ஆகவே 108-ஐக் கூப்பிட்டு ஏற்றி அனுப்புவதும் சிகிச்சைதான், கை கழுவுவது ஆகாது. ஏற்றத் தயங்கும் ஆம்புலன்ஸ்காரரிடமும் இதைச் சொல்லலாம்.

அரசு பேரிடர் என்று அறிவித்தால் அந்த 72 மணி நேரம் ஏழு நாள் வரை போகலாம். டெல்டாக்காரர்களுக்கு இந்த வரி ரொம்ப முக்கியம். 2004 சுனாமியும் 2018 நவம்பர் 16-இல் வந்த கஜா புயலும் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. தென்னை விழுந்து ரோடு அடைத்துக் கிடக்கும்போது வேதாரண்யத்திலிருந்து யாரை எங்கே மதிப்பீட்டுக்குக் கூட்டிப்போவது?

இதே பிரிவில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது. அவசரத்தோடு நேரடியாகத் தொடர்பில்லாத சிகிச்சை எதையும் இந்தச் சாக்கில் கொடுக்கக் கூடாது. "வந்ததுதான் வந்தீங்க, அந்த மாச ஊசியையும் போட்டுடுங்க" என்பார்கள். ஃப்ளூபெனசின் டெக்கனோயேட் போன்ற நீடித்த ஊசி இன்றைய ரகளையை இன்று அடக்காது, அது மெல்ல மெல்ல வேலை செய்வது. அவசரம் என்ற பெயரில் அதைப் போட்டால் பிரிவை மீறியதாகும். மின்னதிர்ச்சி சிகிச்சைக்கும் இந்தப் பிரிவில் இடமில்லை.

இப்போது நர்ஸ் எங்கே வருகிறார்? 94-இல் எங்கேயும் வரவில்லை. "பதிவு பெற்ற மருத்துவர்" என்றுதான் இருக்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் யார் இருப்பார்கள் என்று யோசிக்கவில்லை என்பது என் எண்ணம். முடிவு டாக்டருடையது, கை உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். தன் தொழில் எல்லைக்கு வெளியே உள்ள மருந்தையோ சிகிச்சையையோ யாரும் பரிந்துரைக்கக் கூடாது என்று 106-ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது. சட்டத்தை மீறினால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதைவிடக் கூர்மையான விஷயம் ஒன்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், கவனக்குறைவால் உயிர் போனால் ஐந்து ஆண்டு வரை சிறை. சிகிச்சையின்போது நடந்தால் மருத்துவருக்கு மட்டும் இரண்டு ஆண்டு வரை. அந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு எழுதப்பட்டது. நர்ஸ் அதில் இல்லை. பயமுறுத்தச் சொல்லவில்லை. "டாக்டர் சொன்னார், போட்டேன்" என்பது எழுத்தில் இல்லாவிட்டால் யார் தலையில் விடியும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, போன் உத்தரவுக்கு வருவோம். மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் நோயாளியோடு இருக்கும் சுகாதாரப் பணியாளர் டாக்டரிடம் பேசி ஆலோசனை பெறுவதை ஒப்புக்கொள்கின்றன. டாக்டர் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் பட்டியலிட்ட மனமயக்க மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதக் கூடாது என்று தடையும் போட்டிருக்கிறார்கள். பதற்றத்தைத் தணித்துத் தூங்க வைக்கும் லோராசெபாம், டயஸெபாம் இரண்டும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. ரகளைக்கு முதலில் கை நீள்கிற மருந்துகளும் அவைதானே! மனநோய் மருந்துகளான ஹாலோபெரிடால், ஓலன்சபின், அவற்றோடு சேர்க்கும் ப்ரோமெத்தசின் அந்தப் பட்டியலில் இல்லை. தன் நிலையத்து நர்ஸுக்கு டியூட்டி டாக்டர் சொல்லும் வாய்மொழி உத்தரவு தொலைமருத்துவமா, இல்லையா என்று வக்கீல்கள் வாதாடலாம். ராத்திரியில் தனியாக நிற்கிற நர்ஸ் அந்த வாதத்தில் இறங்க வேண்டாம். போனில் லோராசெபாம் என்று வந்தால், "சார், அதை நீங்க நேர்ல வந்து பாத்துட்டு எழுதுங்க, இல்லாட்டி தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறேன்" என்று சொல்லுங்கள். திட்டுவார். திட்டட்டும்.

மற்ற மருந்துக்கு வாய்மொழி உத்தரவு வந்தால் பதிவு இப்படி இருக்கட்டும்: "இரவு 9.40. நோயாளி வயது 32, ஆண். அண்ணனைக் கத்தியோடு துரத்தியதாக அண்ணன் கூறுகிறார். பிபி, நாடி, சுவாசம், சர்க்கரை பார்க்கப்பட்டது. 9.45, மெடிக்கல் ஆபீசர் டாக்டர் இன்னார், போனில். மருந்தின் பெயர், அளவு, எந்த வழி. திருப்பிச் சொல்லி உறுதி செய்யப்பட்டது. அண்ணனிடம் விளக்கிச் சம்மதம் பெறப்பட்டது, கையெழுத்து. மருந்து கொடுத்த நேரம் 9.55." இதில் "திருப்பிச் சொல்லி" என்பதை விட்டுவிடாதீர்கள். போனில் ஐந்து என்பது பதினைந்தாகக் கேட்டிருக்கிறது, பெயர் ஒன்று போல ஒலிக்கும் மருந்துகளும் நிறைய. முடிந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டு ஆயாவையும் கேட்க வையுங்கள். மறுநாள் டாக்டர் வந்ததும் முதல் வேலை அந்தப் பதிவில் கையெழுத்து வாங்குவது. அந்த 9.55-லிருந்துதான் 72 மணி நேரக் கணக்கும் ஓடுகிறது.

"நாலு மாத்திரை குடுங்க" என்பது வேறு வழக்கு. மருந்தை எழுதுவது ஒன்று, எழுதியதை நோயாளி உடலில் செலுத்துவது ஒன்று, வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது இன்னொன்று. மூன்றுக்கும் விதி வேறு வேறு. கொடுத்தனுப்புவது மருந்து, அழகுசாதனப் பொருள்கள் விதிகளுக்குள் வருகிறது. அரசு சுகாதாரத் திட்டத்தின் கீழ் ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களின் நர்ஸ்கள் மருந்து வழங்குவதற்கு விற்பனை உரிமம் தேவையில்லை என்று அந்த விதிகளின் கே அட்டவணை விலக்குத் தருகிறது. "தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல" என்று அச்சிட்ட பட்டையை நீங்கள் கிழித்துக் கொடுக்க முடிவது அதனால்தான். ஆனால் அது உரிமத்திலிருந்து விலக்கு மட்டும்தான், எழுதும் அதிகாரம் இல்லை. சீட்டு வேண்டும். தனியாக வீடுகளுக்குப் போய் ஊசி போடும் நர்ஸ்களுக்கு இந்த விலக்கும் கிடையாது. அவர்கள் பையில் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரைப் பட்டையை வைத்துக்கொண்டு ஆளுக்கு இரண்டாகக் கொடுப்பதை எந்த விதியும் அனுமதிக்கவில்லை. அந்த மருந்து ஹெச்1 அட்டவணையில் இருக்கிறது. மருந்துக்கடைக்காரரே எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டரில் ஏற்றி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டிய மருந்து அது.

டெல்டாவில் "அவசரம்" என்று வருவதில் பெரும்பகுதி மருந்து தீர்ந்துபோன கதைதான் என்பேன். அறுவடை நேரம், மாத்திரை வாங்கத் திருவாரூர் போக ஆளில்லை. மழை, பஸ் இல்லை. கையில் காசில்லை. நாகப்பட்டினத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் தஞ்சாவூர் மெடிக்கலுக்கு மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் திருச்சியில் தொடங்கி, இப்போது எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. குழு குறிப்பிட்ட நாளில் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் சுகாதார நிலையத்துக்கும் வருகிறது. அந்த நாளைச் சுவரில் எழுதிப் போட்டாலே பல ரகளைகள் வராது. பழைய சீட்டைக் கொண்டுவந்தால், அதைப் போட்டோ எடுத்து மெடிக்கல் ஆபீசருக்கு அனுப்பி, தொடரலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, குழு வரும் நாள் வரைக்கும் தேவையான அளவு மட்டும் கொடுக்கலாம். மொத்தமாக மாதக் கணக்குக்குக் கொடுக்காதீர்கள். அந்த வீட்டில் விஷம் குடிக்கப் போனவர் யாராவது இருந்தால் மாத்திரையை வேறொருவர் கையில் கொடுத்து, தினம் ஒன்றாகத் தரச் சொல்லுங்கள்.

பழைய சீட்டு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடக் கூடாத மருந்தும் உண்டு. க்ளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்துதான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிபி விழுந்து ஆள் சாய்ந்துவிடுவார். லித்தியம் சாப்பிடுகிறவர் வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காமல், வாந்தி பேதியோடு கைநடுக்கமாக வந்தால் அது மருந்து குறைந்ததால் வந்த தொல்லையாக இருக்காது, மருந்து ரத்தத்தில் கூடிப்போனதாக இருக்கலாம். அவருக்கு மேலும் மாத்திரை கொடுப்பது ஆபத்து. "ரெண்டு நாளா சாப்பிடல" என்று வீட்டார் சொன்னால், எந்த மருந்தை, எப்போதிலிருந்து என்று கேட்டுக் குறித்துக்கொண்டுதான் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

ஊசிக்கு முன்னால் இன்னொரு கேள்வி: இது மனநோய்தானா? குளூக்கோமீட்டர் உங்கள் மேசையிலேயே இருக்கிறது, விரலில் ஒரு குத்து. சர்க்கரை இறங்கிப்போய்ப் பிதற்றுகிறவருக்கு ஹாலோபெரிடால் போட்டு அடக்கினால் அவர் எழுந்திருக்கவே மாட்டார். காய்ச்சல், தலையில் அடி, வெயில் தாக்கம், வயலுக்கு அடித்த பூச்சிமருந்து, எல்லாமே ஆளைப் பிதற்ற வைக்கும். சட்டையை முகர்ந்து பாருங்கள், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கிறதா, வாயில் எச்சில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். அப்புறம் இந்தப் பக்கத்தில் கார்த்திகை மாதத்தில் அடிக்கடி வருவது ஒன்று: பல வருஷம் தினமும் குடித்தவர் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்துவார். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். வீட்டில் "ஐயப்பன் வந்துட்டார்" என்பார்கள். அது குடியை நிறுத்தியதால் வந்த ஜன்னி. வலிப்பு வந்து உயிரே போகலாம். அவருக்கு வேண்டியது தயமின் என்ற வைட்டமினும் டயஸெபாம் வகை மருந்தும் ஆஸ்பத்திரிப் படுக்கையும்தான். ஹாலோபெரிடால் மட்டும் போட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். எப்போது கடைசியாகக் குடித்தார் என்று ஆம்பிளைகளிடம் கேட்டால் மழுப்புவார்கள், மனைவியிடம் கேளுங்கள்.

எந்த ஊசி என்று முடிவு செய்வது டாக்டர்தான். இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ள நம் மாநிலத்திலேயே செய்த நல்ல ஆய்வு இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், ஹாலோபெரிடாலையும் ப்ரோமெத்தசினையும் சேர்த்து 100 பேருக்கும் லோராசெபாம் 100 பேருக்கும் கொடுத்து ஒப்பிட்டார்கள். 2004-இல் வெளியானது. இரண்டுமே வேலை செய்தன, முதலாவது சீக்கிரம் அடக்கியது. பிறகு பிரேசிலில் ஹாலோபெரிடாலைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது தசை இறுக்கம் வந்து தொல்லையாகிவிட்டது. ப்ரோமெத்தசினை ஏன் கூடச் சேர்க்கிறார்கள் என்பதற்கு விடை அதுதான். லோராசெபாம் ஊசியைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத வாரத்தில் அந்த ஆம்பூல் எப்படி இருக்கும் என்பது இன்னொரு கவலை. ஓலன்சபின் ஊசி போட்டவருக்கு லோராசெபாம், டயஸெபாம் வகை ஊசியைக் கூடவே போடக் கூடாது, மூச்சு அடங்கிவிடும். முந்தின இடத்தில் என்ன போட்டார்கள் என்று கேட்காமல் அடுத்த ஊசி இல்லை. குடித்திருக்கிறவருக்கு இன்னும் எச்சரிக்கை.

அந்தத் தசை இறுக்கத்தை ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது. ஊசி போட்ட சில மணி நேரத்திலோ மறுநாளோ கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், கண் மேலே சொருகி நிற்கும், நாக்கு தடித்துப் பேச்சு குழறும். இளவயது ஆண்களுக்கு அதிகம். அவருக்கு நினைவு முழுக்க இருக்கும், அதுதான் கொடுமை. வீட்டார் இதைப் பார்த்துச் "சாமி வந்திருக்கு" என்றோ "ஊசி தப்பாப் போயிடுச்சு" என்றோ கிளம்பிவிடுவார்கள். ப்ரோமெத்தசின் ஊசி போட்டால் பெரும்பாலும் கொஞ்ச நேரத்திலேயே விலகிவிடும். ஆகவே ஊசி போட்டு அனுப்பும்போதே "கழுத்து திருகினா, கண்ணு மேல போனா உடனே இங்க கூட்டிட்டு வாங்க, பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்புங்கள். இது அவர்கள் அடுத்த தடவை மருந்தை நம்புவதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கும்.

ஊருக்குள்ளேயே சிகிச்சை தரலாம் என்று சட்டம் சொன்னாலும், வீட்டுக்குப் போய் ஊசி போடுவதற்கு நான் ஆதரவில்லை. அங்கே ஆக்சிஜன் இல்லை, மூச்சு நின்றால் காற்றை அழுத்திச் செலுத்தும் அம்பு பை (Ambu bag) இல்லை, உதவிக்கு ஆள் இல்லை. போட்ட பிறகு முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒரு தடவை மூச்சும் நாடியும் பிபியும் பார்க்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கூரை வீட்டு இருட்டில், சுற்றி இருபது பேர் நிற்கும்போது இது நடக்காது. நாலு பேர் அமுக்கிப் பிடித்துக் குப்புறப் போட்டு முதுகில் உட்கார்ந்தால் ஊசிக்கு முன்னாலேயே மூச்சு போய்விடும். நிலையத்துக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். வர மறுத்தால், அவர் யார் பேச்சைக் கேட்பாரோ அந்த ஆளைக் கூப்பிடுங்கள். எல்லாக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பாவோ வாத்தியாரோ இருப்பார். பாதி நேரம் சித்தப்பா வந்து பேசி, ஓலன்சபின் மாத்திரையை அவரே வாங்கி விழுங்கிவிடுவார். விரும்பி வாயால் சாப்பிடுகிற மாத்திரை எந்த ஊசியையும்விட மேல்.

14416-ஐ மறந்துவிடாதீர்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் இலவச எண், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். அவர்கள் உங்கள் மெடிக்கல் ஆபீசருக்குப் பதிலாக ஊசி உத்தரவு போட மாட்டார்கள். ஆனால் கத்திக்கொண்டிருக்கிறவரிடமோ பதறுகிற அம்மாவிடமோ பேச ஒரு பழகிய குரல் கிடைக்கும். அந்த நேரத்தில் உங்களுக்கு இரண்டு கையும் காலியாக இருப்பது பெரிய விஷயம்.

போலீஸ் பற்றியும் கேட்பீர்கள். திரிந்துகொண்டிருக்கிறவரையோ ஆபத்தாக இருக்கிறவரையோ போலீஸ் பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது. 100-ஆம் பிரிவு. சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு முழுவதுமாகத் தடை செய்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் சங்கிலியோடு கட்டிக் கிடந்தவர்கள் தீயில் வெந்துபோன பிறகும், மாட்டுக்கொட்டகைத் தூணில் கட்டி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதைப் பார்த்தால் முதலில் அவிழ்க்கச் சொல்லுங்கள், பிறகு மெடிக்கல் ஆபீசருக்கும் தேவைப்பட்டால் போலீசுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். வேண்டுதலுக்காகக் குணசீலத்துக்கோ திருவிடைமருதூருக்கோ நாகூருக்கோ கூட்டிப்போவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, மாத்திரைப் பையும் கூடவே போகட்டும் என்று மட்டும் சொல்வேன். காபியில், சாம்பாரில் தெரியாமல் ரிஸ்பெரிடோன் சொட்டு கலந்து கொடுக்கிற பழக்கம் வேறு. "நீங்களே கலந்து குடுங்க சிஸ்டர்" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒருநாள் தெரியவந்தால் அவர் அந்த வீட்டுச் சோற்றையே நம்ப மாட்டார்.

இதற்கெல்லாம் நீங்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது, பகலில் செய்ய வேண்டியது. மாவட்ட மனநலக் குழு அடுத்து வரும் நாளில், மனநல மருத்துவரிடமும் உங்கள் மெடிக்கல் ஆபீசரிடமும் ஒரு பக்க நிலையான உத்தரவு எழுதிக் கேளுங்கள். இங்கிலாந்துத் தோழியின் ஆணைக்கு அது சமமாகாது, நம் சட்டத்தில் அது உங்களுக்கு மருந்து முடிவு செய்யும் அதிகாரம் தராது. ஆனால் இரவில் போன் பேசும்போது இரண்டு பக்கமும் ஒரே தாளைப் பார்த்துப் பேசலாம். எந்த நிலையில் கூப்பிட வேண்டும், கூப்பிடுமுன் என்னென்ன பார்த்திருக்க வேண்டும், எந்த மருந்து, அதிகபட்சம் எவ்வளவு, கர்ப்பிணிக்கும் வயதானவருக்கும் பதினெட்டுக்குக் கீழ் உள்ளவருக்கும் என்ன, எந்த மருந்து போன் உத்தரவில் கிடையாது, டாக்டர் போன் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது டாக்டரின் எண்ணும், எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரி மனநோயாளியைச் சேர்த்துக்கொள்வார்கள் என்பதும் எழுதாமல் கையெழுத்து வாங்காதீர்கள். தாளில் தேதி போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்து, ஒரு நகலை எமர்ஜென்சி ட்ரேயின் மூடிக்குள் ஒட்டி வையுங்கள். ஹாலோபெரிடால், ப்ரோமெத்தசின் ஆம்பூல்களின் காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடலாம்.